வயலும் எரிவாயுவும்

பாடத்திற்குள் நுழையும் முன்

உங்கள் பெற்றோரின் ஊரில் எந்தப் பயிர் விளைகிறது? அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரண்டு விடைகளையும் ஒவ்வொரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு பாடத்தைப் படிக்கத் தொடங்குக. தெரியாதவர்கள் வீட்டில் கேட்டு எழுதலாம்.

காவிரிப் படுகை

மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்காக அணையைத் திறப்பது மரபு. திறந்துவிடப்பட்ட நீர் கல்லணையை அடைந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நான்காகப் பிரிகிறது. அங்கிருந்து வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை எனச் சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் ஓர் உழவரின் வயலுக்குள் நுழைகிறது. அந்நீரை நம்பியே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் குறுவையும் சம்பாவும் தாளடியும் பயிராகின்றன. குறுவை கோடையின் முடிவில் தொடங்கும் குறுகிய காலப் பயிர். சம்பா நீண்ட காலப் பயிர். குறுவையை அறுவடை செய்த தாளின் மீதே அடுத்து நடப்படுவது தாளடி.

மரபு என்பது எப்போதும் நிறைவேறுவதில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. ஆற்றில் நீர் வராத ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் நிலத்தடி நீரை இறைத்துப் பயிரைக் காப்பாற்றுவார். மற்றவர் நிலத்தைத் தரிசாகப் போடுவார். இந்தப் பாடத்தில் பேசப்படும் விவாதத்தின் பெரும்பகுதி அந்த எட்டு ஆண்டுகளில்தான் நடந்தது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆற்று நீர் நிறைந்து ஓடிய காலத்தில் இதே கேள்வி எழுந்திருந்தால் நிலத்தடி நீர் என்னும் சொல்லுக்கு இத்தனை கனம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

வயலின் அடியில் வேறொரு செல்வமும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் உயிர்ப்பொருள்களும் அடுக்கடுக்காகப் படிந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் நிலக்கரியாகவும் மாறியுள்ளன. பொதுத்துறை நிறுவனமான எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் 1960களில் இங்குத் துளையிட்டுத் தேடத் தொடங்கியது. நாகப்பட்டினத்திற்கு அருகிலுள்ள நரிமணத்தில் 1980களில் எண்ணெய் கிடைத்தது. குத்தாலத்திலும் கோவில்களப்பாலிலும் படுகையின் எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யும் நிலையங்கள் உள்ளன. ஆகவே வயலும் எரிவாயுக் கிணறும் அங்குப் பல்லாண்டுகளாக அருகருகே இருந்து வருகின்றன. பிறகு ஏன் 2010க்குப் பின் இவ்வளவு பெரிய விவாதம் எழுந்தது? எரிவாயு எடுக்கும் முறைகளை அறிந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

மூன்று முறைகள்

முதலாவது பழைய முறை. மணற்பாறையின் நுண்துளைகளில் எரிவாயு தங்கியிருக்கும்; மேலே உள்ள இறுகிய பாறை அதை மூடி நிற்கும். மூடிய பாறையைத் துளைத்துக் குழாயை இறக்கினால் எரிவாயு பெரும்பாலும் தன் அழுத்தத்தாலேயே மேலே வரும். நரிமணம் போன்ற இடங்களில் உள்ளவை இத்தகைய கிணறுகளே.

இரண்டாவது, நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுப்பது. நிலக்கரியின் பரப்பில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனை அங்கே அழுத்திப் பிடித்திருப்பது நிலக்கரி அடுக்கில் உள்ள நீர். எனவே முதலில் அந்நீரை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், இறைத்து வெளியேற்ற வேண்டும். நீரின் அழுத்தம் குறைந்தபின் மீத்தேன் விடுபட்டு வரும். நீர் இறைப்பது என்பது உழவருக்கு நன்கு தெரிந்த வேலை. ஆனால் இங்கே இறைப்பது பயிருக்காக அன்று. நீரை அகற்றுவதே நோக்கம்.

மூன்றாவதுதான் நீரியல் விரிசல். ஷேல் எனப்படும் களிப்பாறையில் எரிவாயு இருந்தாலும் அது நகர்ந்து வர வழியிருக்காது. பாறையின் துளைகள் ஒன்றோடொன்று இணைந்தவை அல்ல. ஆகவே ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை செங்குத்தாகத் துளையிட்டு, பின்னர் துளையைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பாறைக்குள்ளேயே நெடுந்தூரம் கொண்டு செல்கிறார்கள். அதன்பின் மணலும் வேதிப்பொருள்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்துடன் உள்ளே செலுத்துகிறார்கள். பாறையில் மெல்லிய விரிசல்கள் உண்டாகின்றன. நீர் வடிந்த பின்னும் அவ்விரிசல்கள் மூடிக்கொள்ளாதபடி மணல் துகள்கள் அவற்றைத் தாங்கி நிற்கின்றன. அவ்வழியே எரிவாயு வெளிவருகிறது. ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீர் தேவைப்படலாம். செலுத்திய நீரில் ஒரு பகுதி திரும்பி வரும்போது ஆழத்திலுள்ள உப்பையும் உலோகங்களையும் சுமந்து வருகிறது. அதை வயலிலோ ஆற்றிலோ விட இயலாது.

நீரியல் விரிசல் மூன்றாவது முறைக்கு இன்றியமையாதது. ஆனால் மற்ற இரண்டு முறைகளிலும் தேவைக்கேற்ப அதைப் பயன்படுத்துவது உண்டு. இந்த ஒரு செய்தியே பின்னால் எழுந்த பல வாதங்களுக்கு வேர்.

விரிசல் நேராக நிலத்தடி நீரை எட்டிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். பாறை அடுக்கு இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலும் குடிநீர் சில நூறு அடியிலும் இருக்கும்போது அவ்வாறு நிகழ்வது அரிது. உண்மையான ஆபத்து பெரும்பாலும் வேறிடங்களில் இருக்கிறது: கிணற்றுக் குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் சரியாக அமையாமல் போவது, வேதிப்பொருள்கள் நிலத்தின்மேல் சிந்துவது, திரும்பி வந்த கழிவுநீரைத் தவறாகக் கையாள்வது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, சில சூழ்நிலைகளில் இப்பணிகள் குடிநீர் வளத்தைப் பாதிக்கக்கூடும் என்று கூறியது. எல்லா இடத்திலும் பாதிக்கும் என்றும் அது சொல்லவில்லை. எங்கும் பாதிக்காது என்றும் சொல்லவில்லை.

மன்னார்குடி: மீத்தேன்

நெய்வேலியில் வெட்டி எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி தெற்கே மன்னார்குடிப் பகுதி வரை பரவியுள்ளது. அங்கு அது மிகுந்த ஆழத்தில் கிடப்பதால் சுரங்கம் வெட்டுவது எளிதன்று. அந்த நிலக்கரியிலிருந்து மீத்தேனை எடுப்பதற்காக 691 சதுர கிலோமீட்டர் பரப்பை மத்திய அரசு 2010ஆம் ஆண்டு ஒரு தனியார் நிறுவனத்திற்கு ஒதுக்கியது. 2011 ஜனவரியில் மாநில அரசும் அந்நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஒப்பந்தம் கையெழுத்தான போது ஊர்களில் பெரிதாக யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு அவர்களுக்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மெல்ல மெல்லத் துண்டறிக்கைகளும் தெருமுனைக் கூட்டங்களும் செய்தியைக் கொண்டு சென்றன. உழவர்களின் கேள்வி எளிமையானது. நிலக்கரி அடுக்கிலிருந்து நீரை இறைத்தால் மேலே உள்ள நிலத்தடி நீர் இறங்கிவிடாதா? இறங்கினால் கடல்நீர் உள்ளே புகாதா? படுகையின் கிழக்கு எல்லை கடல். கடற்கரை ஊர்களின் கிணறுகளில் உவர்ப்பு ஏறுவதைக் கண்டவர்களுக்கு இது வெறும் கற்பனை அச்சம் அன்று. திட்டத்தை ஆதரித்தவர்களோ, நிலக்கரி அடுக்கின் நீருக்கும் பாசனக் கிணற்றின் நீருக்கும் இடையே கனத்த களிமண் அடுக்குகள் உள்ளன; ஒன்றை இறைத்தால் மற்றொன்று குறையாது என்றனர். இருவரில் எவர் கூற்று சரி என்பதை மேடையில் தீர்மானிக்க முடியாது. நிலத்தை அளந்து ஆராய்ந்துதான் சொல்ல முடியும்.

2013 ஜூலையில் தமிழக அரசு திட்டப் பணிகளை நிறுத்தி வைத்து, ஆராய்வதற்கு வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. நிலத்தடி நீருக்கும் வேளாண்மைக்கும் கேடு நேரும் என்னும் காரணத்தால் திட்டத்திற்கு இடமில்லை என 2015 அக்டோபரில் அரசு அறிவித்தது.

இடைப்பட்ட காலத்தில் ஊர் ஊராகச் சென்று இதைப் பற்றிப் பேசியவர்களுள் முதன்மையானவர் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார். 1938ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். வேதி உரமும் பூச்சிக்கொல்லியும் உழவரைக் கடனாளி ஆக்குகின்றன என்று கருதி அரசுப் பணியைத் துறந்தார். பச்சைத் தலைப்பாகையும் வெண்தாடியுமாக அவர் பேசும்போது கடினமான அறிவியலும் திண்ணைப் பேச்சாக மாறிவிடும். மீத்தேன் திட்டத்திற்கு எதிரான பரப்புரைப் பயணத்தின் போதே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள அத்திவெட்டியில் காலமானார். வல்லுநர் குழுவின் முடிவைக் காண அவர் இல்லை.

நெடுவாசல்: ஒரு சொல்லின் கதை

2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அடுத்த மாதம், பிப்ரவரி 15 அன்று, நாடு முழுவதும் உள்ள சிறிய எண்ணெய், எரிவாயு வயல்களுக்கான 31 ஒப்பந்தங்களுக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் வழங்கியது. அவற்றுள் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த நெடுவாசல்.

நெடுவாசல் காவிரியின் பழைய பாசனப் பகுதிக்குச் சற்று வெளியே உள்ளது. அங்கு உழவர்கள் பல நூறு அடி ஆழமுள்ள ஆழ்துளைக் கிணறுகளை நம்பிப் பலாவும் தென்னையும் வாழையும் மலர்ச்செடிகளும் வளர்க்கின்றனர். ஆகவே நிலத்தடி நீர் அவர்களுக்கு ஆற்று நீரின் மாற்று அன்று, அதுவே எல்லாம்.

ஒப்புதல் செய்தி வந்த மறுநாளே ஊர்மக்கள் கூடினர். அவர்கள் முதலில் கேட்டது, ஹைட்ரோகார்பன் என்றால் என்ன என்பதுதான். வேதியியல் பாடத்தில் இதன் விளக்கம் ஒரு வரி: ஹைட்ரஜனும் கார்பனும் மட்டும் சேர்ந்த சேர்மம். ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தால் மீத்தேன். சமையல் எரிவாயு உருளையில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் அதே குடும்பம். ஆனால் அரசாணையில் அச்சொல்லின் பொருள் இன்னும் விரிந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் மத்திய அரசு வகுத்த புதிய கொள்கைகளின்படி, கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை எரிவாயு ஆகிய அனைத்திற்கும் ஒரே உரிமம் போதும். முன்பு ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே அனுமதி பெற வேண்டியிருந்தது.

இங்கேதான் விவாதம் முடிச்சாக இறுகியது. நெடுவாசலில் இருப்பது பழைய முறையில் எடுக்கத்தக்க எரிவாயு. ஒதுக்கப்பட்ட பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். நீரியல் விரிசல் அங்குப் பயன்படுத்தப்படாது என்றனர் அரசுத் தரப்பினர். இன்று பயன்படுத்தமாட்டீர்கள், உரிமத்தில் இடம் இருக்கும்போது நாளை பயன்படுத்தமாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டனர் ஊர்மக்கள். ஒரு தரப்பு திட்டத்தைப் பற்றிப் பேசியது. மறு தரப்பு தாளில் எழுதப்பட்ட சொல்லைப் பற்றிப் பேசியது. இரு தரப்பும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாகவே எண்ணிக்கொண்டன.

குழப்பம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததன்று. போராட்ட மேடைகளிலும் மூன்று முறைகளையும் ஒன்றாகக் கலந்து பேசியவர் உண்டு. அமெரிக்கக் களிப்பாறைக் கிணற்றுக்கு உரிய அளவுகளை அப்படியே புதுக்கோட்டைக்குப் பொருத்திக் காட்டிய துண்டறிக்கைகளும் உண்டு. ஆனால் தெளிவான தமிழில், திட்டத்தின் விவரங்களை ஊரில் வந்து முன்கூட்டியே விளக்கும் கடமை எவருடையது? தாமே தேடிப் படித்துக்கொண்ட மக்களிடம் பிழை இருந்தால் அதற்கு அவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.

ஜல்லிக்கட்டுக்காக மாநிலமெங்கும் இளைஞர்கள் திரண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே ஊக்கம் நெடுவாசலுக்கும் வந்தது. நல்லாண்டார்கொல்லை, வடகாடு ஆகிய அண்டை ஊர்களிலும் மக்கள் அமர்ந்தனர். 22 நாள்கள் நடந்த போராட்டம் அரசின் உறுதிமொழியை ஏற்று மார்ச் 9 அன்று முடிவுற்றது. மார்ச் இறுதியில் ஒப்பந்தம் கையெழுத்தாகவே, ஏப்ரல் 12 அன்று மீண்டும் தொடங்கியது. நெடுவாசலில் அத்திட்டம் செயலுக்கு வரவே இல்லை.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று, தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் வயலின் அடியில் சென்ற எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டது. அது பழைய முறைக் கிணற்றின் குழாய். நீரியல் விரிசலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் விளைநிலத்தில் எண்ணெய் பரவிய காட்சி, எந்தப் புள்ளிவிவரத்தையும்விட ஆழமாக மக்கள் மனத்தில் பதிந்தது.

மறு தரப்பின் சொல்

திட்டங்களை ஆதரித்தவர்களின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு அறிந்துகொள்ள வேண்டும். இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டிற்கும் மேலாக வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது; இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி இறக்குமதியே. உலகின் ஏதோ ஒரு மூலையில் போர் மூண்டால் நம் ஊர்ப் பேருந்துக் கட்டணம் உயர்கிறது. நிலக்கரியை எரிப்பதைவிட எரிவாயுவை எரிப்பதால் கரியமில வாயு குறைவாக வெளியேறுகிறது. படுகையில் வேலையின்றி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும் இளைஞர்களுக்குத் தொழில் வேண்டும். உரத் தொழிற்சாலைக்கும் எரிவாயுவே மூலப்பொருள். அந்த யூரியாதான் அதே வயலுக்குத் திரும்பி வருகிறது.

இவற்றுள் எதுவும் பொய்யன்று. இந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவர் பலரின் குடும்பங்கள்கூட வேலை தேடியே ஊரைவிட்டு வந்தவை. ஆனால் எரிவாயுக் கிணற்றில் துளையிடும் சில மாதங்களுக்குப் பின் மிகச் சிலருக்கே வேலை இருக்கும். வயலிலோ நடவு முதல் கதிரடிப்பு வரை நிலமற்ற கூலித் தொழிலாளருக்கும் வேலை உண்டு. விவாதத்தில் நில உரிமையாளரின் குரல் ஓங்கி ஒலித்தது. கூலித் தொழிலாளரின் குரல் அவ்வளவாகக் கேட்கவில்லை.

முடிவு செய்வது யார்?

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, ஆட்சிப் பொருள்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் எனப் பிரிக்கிறது. எண்ணெய் வயல்களின் ஒழுங்குமுறையும் வளர்ச்சியும் மத்தியப் பட்டியலில் 53ஆவது இனம். வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14, நீர் 17, நிலம் 18. அதாவது வயல் ஓர் அரசுக்கும் வயலின் அடியில் உள்ள எரிவாயு வேறோர் அரசுக்கும் பொறுப்பாக அமைந்துள்ளன. நிலத்தில் எரிவாயு எடுப்பதற்கான குத்தகையை மாநில அரசு வழங்கும். அதற்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். ஒருவர் ஒப்பாமல் மற்றவர் மட்டும் நடத்திவிட முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

நிலத்தின் சொந்தக்காரருக்கு என்ன உரிமை? எண்ணெயும் எரிவாயுவும் நம் நாட்டில் அரசின் உடைமையாகவே கருதப்படுகின்றன. உழவருக்குக் கிடைப்பது மேல்மண்ணுக்கான வாடகையும் பயிருக்கான இழப்பீடும்தான். இங்கு அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கு மார்செல்லஸ் என்னும் ஒரே களிப்பாறை அடுக்கு பென்சில்வேனியா, நியூயார்க் ஆகிய இரு மாநிலங்களின் அடியிலும் பரந்துள்ளது. பென்சில்வேனியா நீரியல் விரிசலை அனுமதித்தது; ஆயிரக்கணக்கான கிணறுகள் தோன்றின. நியூயார்க் 2008 முதல் ஆறு ஆண்டுகள் அனுமதி தராமல் ஆராய்ந்து, விவாதித்து, 2014 டிசம்பர் 17 அன்று தடையை அறிவித்தது. அங்கு நிலத்தடி வளம் பொதுவாக நில உரிமையாளருக்கே சொந்தம். கடனில் தவித்த பால்பண்ணை உழவர் தம் நிலத்தின் அடியை எரிவாயு நிறுவனத்திற்குக் குத்தகைக்கு விட்டால் பெரும்பணம் பெறலாம். ஆதலால் அங்கே வேலிக்கு இப்பாலும் அப்பாலும் அண்டை வீட்டார் எதிரெதிராக நின்றனர். நெடுவாசலில் அவ்வாறு ஊர் இரண்டாகப் பிளவுபடாததற்கு, பிரித்துக்கொள்ள அங்கு எரிவாயுப் பணம் இல்லை என்பதும் ஒரு காரணமாகலாம்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. நியூயார்க்கில் டிரைடன், மிடில்ஃபீல்டு என்னும் சிற்றூர்கள் தங்கள் எல்லைக்குள் எரிவாயுத் தொழிலுக்கு இடமில்லை என்று தாமே விதி இயற்றின. அவ்வாறு செய்ய ஊர்களுக்கு அதிகாரம் உண்டு என அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2014 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுவது வழக்கம். படுகையின் பல ஊர்களில் எரிவாயுத் திட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றினர். தீர்மானம் ஊரின் எண்ணத்தைப் பதிவு செய்யும். குத்தகையைத் தடுக்கும் சட்ட வலிமை அதற்கு இல்லை.

2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியொன்றைத் திருத்தியது. நிலப்பகுதியில் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என ஆராயத் துளையிடுவதற்கு இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஆயிற்று. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஊர்மக்கள் எழுந்து நின்று கேள்வி கேட்கும் ஒரே அரங்கும் இவ்வாறு மூடப்படுவதாகப் படுகை மக்கள் உணர்ந்தனர். எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. பிப்ரவரி 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். பிப்ரவரி 20 அன்று சட்டமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை எரிவாயு ஆகியவற்றைத் தேடுவதும் துளையிடுவதும் எடுப்பதும் அம்மண்டலத்தில் புதிதாகச் செய்யக்கூடாதவை என அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நெடுவாசல் மக்கள் பொருள் கேட்ட சொற்கள் இப்போது சட்டத்தின் அட்டவணையில் ஏறின.

சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ஏற்கெனவே இயங்கி வந்த கிணறுகளுக்கு அது பொருந்தாது. திருச்சிராப்பள்ளி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் மண்டலத்திற்குள் சேர்க்கப்படவில்லை. கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்கள் மட்டுமே இடம்பெற்றன. ஒரு வாய்க்காலின் இக்கரை மண்டலத்திற்கு உள்ளேயும் அக்கரை வெளியேயும் இருக்கலாம். நிலத்தடி நீருக்கோ ஒன்றிய எல்லை தெரியாது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது தெரியவந்தபோது அதே கேள்விகள் திரும்பவும் எழுந்தன. எதிர்ப்புக்குப் பின் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

சொற்பொருள்

படுகை – ஆறு படிவித்த வண்டல் நிலம். நிலத்தடியில் ஏதேனும் ஒரு பொருள் படிந்துள்ள அடுக்கு. (பாடத்தில் இச்சொல் இரு பொருளிலும் வந்துள்ளது. எந்த இடத்தில் எப்பொருள் என்று கண்டுபிடிக்க.)
மடை – வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பாயும் வழி
தாள் – அறுத்தபின் வயலில் நிற்கும் நெற்பயிரின் அடி, எழுதும் காகிதம்
உவர்ப்பு – உப்புத்தன்மை
குத்தகை – குறித்த காலத்திற்குப் பணம் கொடுத்துப் பெறும் பயன்பாட்டு உரிமை
பரப்புரை – ஒரு கருத்தை மக்களிடையே எடுத்துச் சென்று பேசுதல்

பயிற்சி 1: விடை எழுதுக

1. நிலக்கரிப் படுகை மீத்தேனை எடுக்க ஏன் முதலில் நீரை வெளியேற்ற வேண்டும்?
2. நெடுவாசலில் அரசுத் தரப்பும் ஊர்மக்களும் ஒரே சொல்லை எவ்வாறு வெவ்வேறாகப் புரிந்துகொண்டனர்?
3. கதிராமங்கலத்தில் நடந்தது நீரியல் விரிசலால் அன்று. ஆயினும் விவாதத்தில் அதற்கு ஏன் இடம் கிடைத்தது?
4. டிரைடன் ஊரின் விதிக்கும் நம் கிராம சபைத் தீர்மானத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

பயிற்சி 2: வகுப்பில் விவாதம்

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்துக்கொள்க. ஒரு குழு எரிவாயு நிறுவனப் பொறியாளர். ஒரு குழு நில உரிமையாளர். ஒரு குழு நிலமற்ற கூலித் தொழிலாளர். ஒவ்வொரு குழுவும் தன் தரப்பைச் சொல்வதற்கு முன், எதிர்த் தரப்பின் வாதத்தை அவர்கள் ஏற்கும்படி ஒருமுறை எடுத்துக்கூற வேண்டும். அவர்கள் "நாங்கள் சொல்ல வந்தது அதுவே" என்று ஒப்பிய பின்னரே தன் வாதத்தைத் தொடங்கலாம்.

பயிற்சி 3: செய்வினையும் செயப்பாட்டு வினையும்

"அரசு திட்டத்தை நிறுத்தியது" – இது செய்வினை. நிறுத்தியவர் யார் என்பது தெரிகிறது.
"திட்டம் நிறுத்தப்பட்டது" – இது செயப்பாட்டு வினை. 'படு' என்னும் துணைவினை சேர்ந்துள்ளது. நிறுத்தியவர் யார் என்று சொல்லாமலே தொடர் முடிந்துவிடுகிறது.

அரசு அறிவிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் செயப்பாட்டு வினை மிகுதியாக வரும். கீழ்வரும் தொடர்களைச் செய்வினையாக மாற்றுக. செய்தவர் யார் என்பதைப் பாடத்தில் தேடிக் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

அ) 31 ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது.
ஆ) 691 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு ஒதுக்கப்பட்டது.
இ) 2020 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது.
ஈ) மக்களுக்குத் திட்டம் விளக்கப்படவில்லை.

நான்காம் தொடருக்குச் செய்தவர் பெயர் பாடத்தில் நேராகக் கிடைக்காது. யாரை எழுதுவது என்று வகுப்பில் பேசி முடிவு செய்க. எல்லாரும் ஒரே விடை எழுத வேண்டும் என்பதில்லை.

பயிற்சி 4: வீட்டுப் பணி

ஊரில் உள்ள தாத்தா, பாட்டி, மாமா, அத்தை இவர்களுள் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் ஊரில் முன்பு கிணற்று நீர் எத்தனை அடியில் இருந்தது, இப்போது எத்தனை அடியில் இருக்கிறது எனக் கேட்டு எழுதிவருக. அவர்கள் அடிக்கணக்கில் சொல்லாமல் 'இத்தனை முழம்', 'இத்தனை ஆள் ஆழம்' என்று கூறினால் அச்சொற்களை அப்படியே எழுதிக்கொள்க.